சபை நடுக்கமும் தோடர் பாட்டும்

1934 ஜனவரி கடைசியில் காந்தி குன்னூருக்கு வந்தார். தீண்டாமையை எதிர்த்து நாடு முழுக்க அவர் சுற்றிவந்த ஹரிஜனப் பயணத்தின் நடுவே நீலகிரிக்குக் கிடைத்த சில நாட்கள் அவை. பிப்ரவரி முதல் வாரம் வரை மலையில் தங்கி குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று கூட்டங்களில் பேசினார். அந்தப் பயணம் மொத்தம் 12,500 மைல். வழியெங்கும் வரவேற்பும் இருந்தது, எதிர்ப்பும் இருந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் புனேயில், அவர் வரும் கார் என்று நினைத்து இன்னொரு கார் மீது குண்டு வீசினார்கள். பயணம் நிற்கவில்லை, பேச்சும் நிற்கவில்லை.

அப்போது அவருக்கு வயது 64. இருபதுகளின் தொடக்கத்தில் இதே மனிதரால் ஒரு தாளை நின்று படிக்க முடிந்ததில்லை. லண்டனில் சட்டம் படித்த காலத்தில் சைவ உணவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார். குழுக் கூட்டங்களில் வாயே திறக்கமாட்டார். ஓர் உறுப்பினரை நீக்குவது பற்றிய விவாதத்தில் அவருக்கு உறுதியான கருத்து இருந்தது. அதை எழுதிக்கொண்டு போனார், படிக்கத் துணிவு வரவில்லை, வேறொருவர் படித்தார். வென்ட்னர் என்ற கடற்கரை ஊரில் சைவ உணவுக் கூட்டம் ஒன்றுக்காக எழுதிய பேச்சு ஒரு ஃபூல்ஸ்கேப் தாள்கூட வராது. எழுந்து நின்றதும் கண் மங்கியது, உடம்பு நடுங்கியது. கூட வந்த நண்பர் மஜும்தார் வாங்கிப் படித்து முடித்தார். ஊர் திரும்பும் முன் நண்பர்களுக்குக் கொடுத்த விருந்தில், நகைச்சுவையாக ஒரு கதையைச் சொல்லித் தொடங்குவதென்று திட்டம். முதல் வாக்கியத்தைத் தாண்டவில்லை. நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

பாரிஸ்டராகி பம்பாய்க்கு வந்த பிறகும் அதே கதைதான். சிறு வழக்கு நீதிமன்றத்தில் மமீபாய் என்ற பெண்ணின் வழக்கு, கட்டணம் 30 ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். தென்னாப்பிரிக்காவில் மூன்று ஆண்டு பொதுவாழ்க்கைக்குப் பிறகு, 1896-ல் பம்பாயில் ஃபெரோஸ்ஷா மேத்தா தலைமையில் நடந்த கூட்டத்திலும் குரல் எடுக்கவில்லை. நண்பர் தேஷ்பாண்டே படிக்கத் தொடங்கி, கடைசியில் வாச்சா படித்து முடித்தார். இதையெல்லாம் காந்தியே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

சபைக்கூச்சம் உள்ளவனுக்குத் திறமை இல்லை, அறிவு இல்லை என்று நாம் சாதாரணமாக நினைத்துவிடுகிறோம். மேடையில் தடுமாறிய பிள்ளையிடம் "நல்லா படிச்சிட்டு வந்திருக்கலாம்ல" என்கிறோம். உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அப்படிச் சொல்லத் தோன்றாது.

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்குக் காட்டுமாடு புதிதல்ல. இடுப்புயரச் செடிகளுக்கு நடுவே, பத்தடி தூரத்தில், பாறை என்று நினைத்த கருப்பு உருவம் தலையைத் தூக்கும். அந்த நொடியில் மூளையின் அடியில் பாதாம் பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா எச்சரிக்கை கொடுத்துவிடும். ஹைப்போதலாமஸ் வழியாகப் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்ளும். சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பிகளிலிருந்து அட்ரினலின் ரத்தத்தில் கலக்கும். 'இது காட்டுமாடு' என்று மனம் வார்த்தையாக நினைத்து முடிப்பதற்குள் இதயம் வேகமெடுத்திருக்கும், கால்கள் பின்வாங்கத் தயாராகியிருக்கும். இது உயிரைக் காப்பாற்றும் ஏற்பாடு. பல கோடி ஆண்டுகளாக முதுகெலும்புள்ள உயிர்களெல்லாம் இதை வைத்துத்தான் பிழைத்து வந்திருக்கின்றன.

அதே தோட்டத்துத் தொழிலாளி ஒருவரைச் சம்பளப் பிரச்சினைக் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசச் சொன்னால் அவர் உடம்பில் ஓடுவதும் இதே வரிசைதான். மைக்குக்கென்று தனியாக ஒரு பயம் உடம்பில் கிடையாது.

உடம்பின் ஒவ்வொரு தொல்லைக்கும் காரணம் சொல்லிவிடலாம். ஊட்டியில் ஜனவரி விடியலில் புல்தரை முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்போது வெளியே வந்தால் முதலில் விறைப்பது விரல் நுனி. உள்ளுறுப்புகளின் வெப்பத்தைக் காப்பாற்றுவதற்காகத் தோலுக்குப் போகும் நுண்ணிய ரத்தக்குழாய்களைப் பரிவு நரம்புகள் இறுக்கிவிடுகின்றன. மேடைக்கு ஏறும்போது உள்ளங்கை சில்லிடுவதும் அதே நரம்புகளின் அதே வேலைதான், ஆகஸ்ட் வெயிலிலும் நடக்கும். ஓடவும் மோதவும் தயாராகும் உடம்புக்குச் செரிமானம் அப்போதைக்கு வேண்டாம். அதனால் எச்சில் கெட்டியாகிக் குறைகிறது, நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது. அட்ரினலின் தசைகளைத் தூண்டுவதால் கையில் இருக்கும் தாள் படபடக்கிறது. மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடுகிறது, குரல்வளையைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. போதுமான காற்று இல்லாமல், இறுகிய குரல்நாண்களை அதிரவைத்தால் குரல் நடுங்கத்தான் செய்யும்.

இவற்றையெல்லாம்விடக் கொடுமை, மனப்பாடம் செய்தது மறந்துபோவது. சொல்ல வேண்டியதைக் கணநேரம் மனத்தில் தாங்கி வரிசைப்படுத்துவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணியின் வேலை. அளவான விழிப்பில் அது நன்றாக வேலை செய்யும். நார்அட்ரினலினும் டோபமினும் அளவு மீறினால் அந்தப் பகுதியின் நரம்பிணைப்புகள் தளர்ந்து, கட்டுப்பாடு பழைய, வேகமான பகுதிகளின் கைக்குப் போய்விடுகிறது. காட்டுமாட்டுக்கு எதிரே நிற்கும்போது யோசித்துக்கொண்டிருக்காமல் ஓடுவதே நல்லது என்பதால் இயற்கை அப்படி வைத்திருக்கிறது. நீதிமன்றத்தில் எழுந்து நின்ற இளம் பாரிஸ்டருக்கு அதே ஏற்பாடு குழி பறித்தது.

எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் நம்மைக் கடிக்கப்போவதில்லை. பிறகு ஏன் இந்த எச்சரிக்கை? மனிதன் கூட்டத்தோடு வாழ்ந்து பிழைத்த உயிர். கூட்டம் ஒதுக்கிவிட்டால் உணவில்லை, துணையில்லை. அதனால் நாலு பேர் நம்மை எடைபோடும் தருணத்தை நம் உடம்பு உயிர் ஆபத்துக்கு அடுத்த இடத்திலேயே வைத்திருக்கிறது.

இதை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் கிர்ஷ்பாம், பிர்க்கே, ஹெல்ஹாமர் என்ற மூவர் 1993-ல் வெளியிட்ட சோதனைமுறை இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஆளை ஓர் அறைக்குக் கூட்டிவருவார்கள். வேலைக்கு நீ ஏன் தகுதியானவன் என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும், தயார் செய்துகொள் என்பார்கள். எதிரே நடுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சிரிக்கமாட்டார்கள், தலையசைக்கமாட்டார்கள். பேச்சு முடிந்ததும் 1022-லிருந்து 13, 13-ஆகக் கழித்துக்கொண்டே வரச் சொல்வார்கள். ஒரு தப்பு வந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முன்னும் பின்னும் எச்சிலை எடுத்துப் பார்த்தால், அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் இரண்டு முதல் நான்கு மடங்குவரை ஏறியிருக்கிறது. ஊசி இல்லை, மின்னதிர்ச்சி இல்லை. முகத்தில் எதையும் காட்டாத மனிதர்கள் போதும்.

டிக்கர்சன், கெமெனி என்ற இரண்டு உளவியலாளர்கள் இப்படிப்பட்ட 208 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசி 2004-ல் எழுதினார்கள். கார்ட்டிசாலை மிக அதிகமாக ஏற்றுவது எது என்று அவர்கள் தேடியபோது இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தன. பிறர் நம்மை மதிப்பிடுகிறார்கள் என்பது ஒன்று, நடப்பது நம் கையில் இல்லை என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் உடம்பு மிகவும் ஆடிப்போகிறது.

இனி நம் பள்ளிகளின் பேச்சுப் போட்டியை நினைத்துப் பாருங்கள். தலைப்பை ஆசிரியர் கொடுப்பார், பேச்சையும் அவரே எழுதித் தருவார். பிள்ளை பேசிப் பழகாத எழுத்து நடையில், "அவையோர் அனைவருக்கும்" என்று தொடங்கும் இரண்டு பக்கம். நேரம் மூன்று நிமிடம், முடிந்ததும் மணி அடிக்கும். எதிரே மூன்று நடுவர்கள் குனிந்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு வரி மறந்தால் அடுத்த வரி வராது, ஏனென்றால் எந்த வரியும் பிள்ளையுடையது அல்ல. மதிப்பீடு முழுசாக இருக்கிறது, பிள்ளையின் கையில் எதுவும் இல்லை. ட்ரியர் ஆய்வாளர்கள் மனிதரை நடுங்கவைக்கத் திட்டமிட்டுச் சேர்த்த பொருள்களை நாம் நல்லெண்ணத்தோடு பத்து வயதுப் பிள்ளையின் முதல் மேடையிலேயே அடுக்கிவைத்திருக்கிறோம். அதில் தேறி வருகிற இரண்டு பேரைப் பேச்சாளர் என்கிறோம். தேறாத நாற்பது பேர், எனக்கு மேடை வராது என்ற முடிவோடு வாழ்நாள் முழுக்க இருந்துவிடுகிறார்கள். இதை நான் பெரிய இழப்பாக நினைக்கிறேன். நீலகிரியில் இந்த இழப்பு இன்னும் கூடுதல். வீட்டில் படுகு மொழி பேசும் பிள்ளையும், தோட்டத்து லைன் வீட்டில் இலங்கை மலையகத் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளையும், மேடையில் இன்னொரு மொழிநடையைச் சுமந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

வேறு வழி இருக்கிறதா என்று தேடினால், இதே மலையில், ஊட்டியைச் சுற்றியுள்ள தோடர் பழங்குடியினரின் ஊர்களான மந்துகளில் பதில் இருக்கிறது.

தோடர்கள் மொத்தமே சுமார் இரண்டாயிரம் பேர். எருமை வளர்ப்பைச் சுற்றி வாழ்க்கையையும் வழிபாட்டையும் அமைத்துக்கொண்டவர்கள். 1935 முதல் 1938 வரை மொழியியலாளர் எமனோ நீலகிரியில் தங்கி தோடா, கோத்தா, படுகு மொழிகளை ஆராய்ந்தார். பின்னாளில் பர்ரோவுடன் சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைத் தொகுத்தவர் இவர்தான். தோடர் பாடல்களை அவர்களின் வாய்மொழியாகக் கேட்டு எழுதி, 1971-ல் பெரிய நூலாக வெளியிட்டார். அவர் சொல்லும் முக்கியமான செய்தி, அந்தச் சமூகத்தில் பாடகர் என்று தனியாக ஒரு பிரிவு இல்லை என்பது. ஆண், பெண் என்ற வேறுபாடில்லாமல் வளர்ந்தவர்கள் எல்லோரும் பாட்டுக் கட்டினார்கள். சாவு, சடங்கு, எருமை, ஊர் நடப்பு என்று எதைப் பற்றியும், அந்த நேரத்துக்கு ஏற்ற புதுப் பாட்டைச் சபையின் நடுவிலேயே கட்டினார்கள்.

எழுதிவைத்துப் படிக்காமல், எல்லோர் முன்னாலும், அந்த இடத்திலேயே கவிதை செய்வது. இதைவிட நடுக்கம் தரக்கூடிய வேலை ஏது? அவர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்பதையும் எமனோ விளக்குகிறார். தோடர் பாட்டின் அடிப்படை அலகு ஒரு சிறு சொற்றொடர். அது தனியாக வராது. அதே அமைப்பில், அதே நீளத்தில், பொருளில் இணையான இன்னொன்றோடு சோடியாகத்தான் வரும். ஓர் இடத்தைச் சொன்னால் அதோடு சோடி சேரும் இடம் எது, ஓர் எருமையைச் சொன்னால் அதற்கு இணையாக வரும் எருமை எது என்பதெல்லாம் மரபிலேயே உண்டு. வாழ்க்கையில் பாடத்தக்க ஒவ்வொன்றுக்கும் இப்படிச் சோடிகள் இருக்கின்றன. சிறு வயதிலிருந்து அவற்றைக் கேட்டு வளர்கிறவருக்கு, பாட வாயெடுக்கும்போது பாதிச் சொற்கள் நாவில் காத்திருக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது, எந்த வரிசையில் கோப்பது, நேற்று நடந்ததை எந்தச் சோடியின் மறைகுறிப்பில் சொல்வது என்பதில்தான் பாடுகிறவரின் திறமை தெரியும். மரபை நன்றாகக் கைக்கொண்டவருக்குப் பெயரும் உண்டு.

இந்த முறை நமக்கு அந்நியமானதல்ல. 1930-களில் யுகோஸ்லாவியாவின் காப்பியப் பாடகர்களிடம் மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் கண்ட வாய்மொழி வாய்பாட்டு முறையை, யாழ்ப்பாணத்துக் க. கைலாசபதி சங்கப் பாடல்களில் தேடிப் பார்த்து 1968-ல் ஆங்கிலத்தில் புகழ்பெற்ற நூலாக எழுதினார். பாணர் சபைகளில் பாடிய தமிழிலும் திரும்பத் திரும்ப வரும் தொடர்களும் அமைப்புகளும் நிறைய. ஆசுகவிகளுக்கு எதுகையும் மோனையும் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்திருக்கின்றன.

இதற்கும் பயத்துக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொள்ளக் கரப்பான்பூச்சி உதவும். ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1969-ல் தன் சகாக்களோடு ஒரு சோதனையை வெளியிட்டார். வெளிச்சத்தைக் கண்டால் இருட்டுக்கு ஓடுவது கரப்பானின் இயல்பு. நேரான பாதை ஒன்று, திருப்பமுள்ள பாதை ஒன்று, இரண்டின் முடிவிலும் இருட்டறை. பக்கவாட்டில் கண்ணாடி போன்ற பெட்டிகளில் வேறு கரப்பான்களைப் பார்வையாளர்களாக வைத்தார்கள். நேர்ப்பாதையில், பார்வையாளர் இருந்தபோது பூச்சி வேகமாக ஓடியது. திருப்பப் பாதையில், பார்வையாளர் இருந்தபோது தடுமாறித் தாமதித்தது. சயான்ஸ் 1965-லேயே சொன்ன விளக்கத்துக்கு இது பொருந்தியது. பிறர் பார்ப்பது உடம்பின் விழிப்பை ஏற்றுகிறது. ஏறிய விழிப்பு, ஏற்கெனவே கைவந்ததை இன்னும் வேகமாக வெளியே தள்ளும், இன்னும் கைவராததைக் குழப்பும்.

அரைகுறையாக உருப்போட்ட, தனக்குச் சொந்தமில்லாத பேச்சோடு மேடையேறும் பிள்ளை திருப்பப் பாதையில் நிற்கிறது. தோடர் பாடகருக்குச் சோடிச் சொற்கள் எல்லாம் நேர்ப்பாதை. அதே படபடப்பு அவருக்குப் பாட்டைத் தருகிறது.

அந்த நேரத்தில் படைப்பவரின் மூளையில் என்ன நடக்கிறது? தோடர்களை யாரும் கருவிக்குள் படுக்கவைத்துப் பார்த்ததில்லை. ஆனால் 2008-ல் சார்ல்ஸ் லிம்ப், ஆலன் ப்ரான் என்ற இருவர் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் சிறிய கீபோர்டோடு படுக்கவைத்தார்கள். மனப்பாடமான இசையையும், அந்த நேரத்தில் தோன்றும் இசையையும் மாற்றி மாற்றி வாசிக்கச் சொன்னார்கள். புதிதாக வாசித்தபோது முன்மூளைப் புறணியின் பக்கவாட்டுப் பகுதிகள் அடங்கின, நடுப்பகுதி ஒன்று சுறுசுறுப்பானது. அடங்கிய பகுதிகள் தன்னையே கண்காணிப்பதிலும் திருத்துவதிலும் ஈடுபடுபவை. சரியா, தப்பா, என்ன நினைப்பார்கள் என்று உள்ளே உட்கார்ந்து கேட்கும் குரல் அமைதியானால்தான் கை தானாகப் போகிறது என்று இதைப் படிக்கலாம். ஆறு பேரை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் அளவோடுதான் நம்ப வேண்டும். ஆனால் அந்தக் குரல் அடங்க, விரல்களுக்கு ராகங்களும் தாளங்களும் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்பது எந்த நாதஸ்வரக்காரரும் ஒப்புக்கொள்ளும் செய்தி.

தோடர் பாடகர் தடுமாறாததற்குச் சோடிச் சொற்கள் ஒரு காரணம் என்றால், இரண்டாவது காரணம் சபை. மந்தில் கேட்கிறவர்கள் எல்லோரும் பாடுகிறவர்கள். நாளைக்கு அவர்கள் முறை. பாட்டில் வரும் மறைகுறிப்பு அவர்களுக்கும் தெரியும், அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்போடு கூடவே வருகிறார்கள். மதிப்பெண் தாளோடு தனியாக உட்கார்ந்திருக்கும் ஆள் அங்கே இல்லை. தோடர்களுக்குப் பயமே கிடையாது என்று நான் சொல்லவரவில்லை, எமனோ அளந்தது மொழியைத்தான். மதிப்பிடப்படுவதும் கையில் எதுவும் இல்லாததும் சேரும்போது உடம்பு ஆடிப்போகிறது என்று 208 ஆய்வுகள் சொன்னால், அந்த இரண்டையுமே குறைத்துவைத்த ஒரு சபை நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

எழுதுகிறவர்களின் பயமும் இந்தக் கணக்கில் வரும். அறையில் தனியாக இருக்கும்போதும் கற்பனையில் நடுவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். டெரசா அமபைல் 1979-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் கல்லூரி மாணவிகளிடம் வண்ணத்தாள்களைக் கொடுத்து ஒட்டுப்படம் செய்யச் சொன்னார். ஒரு பகுதியினரிடம் மட்டும், உங்கள் படத்தை ஓவியர்கள் மதிப்பிடப்போகிறார்கள் என்று முன்கூட்டியே சொன்னார். மதிப்பீட்டை எதிர்பார்த்துச் செய்த படங்கள் பொதுவாகப் படைப்புத்திறனில் குறைவாகவே இருந்தன. முதல் வரைவு எழுதும்போதே விமர்சகர் முகத்தை நினைக்கிற கவிஞருக்கும் கதாசிரியருக்கும் இது புரியும். எழுதும் வேளையையும் திருத்தும் வேளையையும் வேறு வேறு நாளில் வைத்துக்கொள்வது அதனால்தான் பலன் தருகிறது. திருத்தும் கண் வேண்டியதுதான், அதற்கு அன்றைக்கு வேலை இல்லை.

மேடைப் பயத்தைப் பெரிதாக்கும் இன்னொரு தப்புக் கணக்கும் உண்டு. என் நெஞ்சு அடிப்பது எல்லோருக்கும் தெரிகிறது என்று பேசுகிறவர் நினைக்கிறார். அப்படித் தெரிவதில்லை. உள்ளே கடல் கொந்தளித்தாலும் வெளியே தெரிவது கொஞ்சம்தான். சவிட்ஸ்கி, கிலோவிச் இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், பேசப்போகும் மாணவர்களில் ஒரு பகுதியினரிடம் இந்த உண்மையை மட்டும் எடுத்துச் சொன்னார்கள். உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரியாது என்பதுதான் செய்தி. வேறு பயிற்சி எதுவும் தரவில்லை. அதைத் தெரிந்துகொண்டு பேசியவர்களின் பேச்சு நன்றாக இருந்ததாக அவர்களும் சொன்னார்கள், கேட்டவர்களும் சொன்னார்கள். பிள்ளைகளிடம் "பயப்படாதே" என்று சொல்வதைவிட, "நீ பயப்படுறது எங்களுக்குத் தெரியவே இல்லம்மா" என்று சொல்வது மேல்.

"அமைதியாக இரு" என்பதும் உதவாத அறிவுரைதான். துடிக்கும் இதயத்தைக் கட்டளையால் நிறுத்த முடியாது. ஹார்வர்டில் அலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட சோதனைகளில், பேசுவதற்கு முன் 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். உற்சாகத்துக்கும் பயத்துக்கும் உடம்பின் நிலை ஏறக்குறைய ஒன்றுதான், பெயரை மாற்றுவது எளிது. உண்மையாகவே உடம்பைத் தணிக்க ஒரு கதவு மூச்சு. வெளிமூச்சின்போது வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது. உள்ளிழுப்பதைவிட நீளமாக, மெல்ல, ஐந்தாறு முறை மூச்சை விட்டால் குரலுக்கும் காற்று கிடைக்கும். ஊட்டியின் 2,200 மீட்டர் உயரத்தில், கீழே கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஏறி வந்த அன்றே மேடையேறுகிறவர்களுக்கு இது இன்னும் தேவை. காற்று இங்கே கொஞ்சம் மெலிதுதான்.

மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இசைக்கலைஞர்கள் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அட்ரினலின் இதயத்தில் போய் ஒட்டும் இடங்களை அடைக்கும் பீட்டா தடுப்பு மருந்துகளை 1960-களில் உருவாக்கியவர் ஜேம்ஸ் பிளாக். 1988-ல் நோபல் பரிசு பெற்றார். இதய நோய்க்கு வந்த மருந்து தந்தி வாத்தியக் கலைஞர்களின் மேடை நடுக்கத்தைக் குறைக்கிறது என்று 1977-ல் லான்செட் இதழில் ஆய்வு வந்தது. அது கை நடுக்கத்தையும் படபடப்பையும் தணிக்கும், சொல்ல வேண்டிய சொல்லைத் தராது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தாகவும் முடியலாம். மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது.

திரும்பத் திரும்ப மேடையேறினால் பயம் அழிந்துவிடுமா? அழியாது. நாய்களிடம் பாவ்லோவ் கண்டதும் இன்றைய மூளை ஆய்வு சொல்வதும் ஒன்றுதான். பழகிய எதிர்வினை, அச்சம் உட்பட, அழிக்கப்படுவதில்லை. 'இங்கே ஒன்றும் ஆகாது' என்ற புதிய பாடம் அதன் மேல் எழுதப்படுகிறது, முன்மூளைப் புறணி அமிக்டலாவை அடக்கப் பழகுகிறது. புதிய இடம், புதிய சபை, நீண்ட இடைவெளி என்றால் பழையது தலைகாட்டும். அதனால்தான் தென்னாப்பிரிக்காவில் பேசிப் பழகியவருக்கு பம்பாய் மண்டபத்தில் குரல் போயிற்று.

காந்திக்கு நாவு எங்கே திறந்தது என்று பார்த்தால் இதுவரை சொன்னவையெல்லாம் அங்கே இருக்கின்றன. 1893-ல் பிரிட்டோரியாவில், ஒரு வணிகரின் வீட்டில், இந்திய வியாபாரிகள் கூடிய சிறிய கூட்டம். வியாபாரத்தில் உண்மை என்ற, அவருக்குள் ஊறிய பொருள். கேட்டவர்கள் அவரை எடைபோட வந்தவர்கள் அல்ல, அவரைப் போலவே அவமதிப்பில் வாழ்ந்தவர்கள். பேச்சு முடிந்ததும் ஆங்கிலம் கற்க விரும்புவோருக்குச் சொல்லித்தருவதாகச் சொன்னார். ஒரு நாவிதரும் ஓர் எழுத்தரும் ஒரு கடைக்காரரும் மாணவர்களாகச் சேர்ந்தார்கள். பம்பாயில் குரல் போன ஒரு மாதத்தில், 1896 அக்டோபர் கடைசியில், சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் முன்கூட்டி அச்சடித்த நீண்ட உரையைச் சபை சொல்லுக்குச் சொல் கவனித்துக் கேட்டது. நேட்டாலில் முதலாளியிடம் அடிபட்டுப் பல் உடைந்து அவரிடம் ஓடிவந்த தமிழ்த் தொழிலாளி பாலசுந்தரத்தின் கதை அவருக்கு முன்பே சென்னையை எட்டியிருந்தது. சபை பாதி தூரம் எதிர்கொண்டு வந்து நின்றது. பின்னாளில் எழுதும்போதும் தன் கூச்சம் முழுசாகப் போய்விட்டதாக அவர் சொல்லவில்லை. சொற்களைச் சிக்கனமாகச் செலவிட அது கற்றுக்கொடுத்தது என்று அதற்கு நன்றி சொன்னார்.

வள்ளுவர் 'அவையஞ்சாமை'யை 73-ஆம் அதிகாரமாக வைத்து, அதற்கு முந்தைய இடத்தை 'அவையறிதலு'க்குக் கொடுத்திருக்கிறார். கேட்பவர் யார் என்று தெரிந்துகொள்வது முதல் வேலை, அஞ்சாமை அதன் பின் வருவது. பேச்சுப் பயிற்சி நூல்கள் பலவும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன.

பேசுகிறவரின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து அளந்தவர்கள் கண்ட ஓர் எளிய உண்மை ஆசிரியர்களுக்கு உடனே பயன்படும். துடிப்பு உச்சத்தில் இருப்பது பேச்சின் முதல் நிமிடத்தில். பிறகு, பெரும்பாலோருக்கு அது தானாக இறங்குகிறது. ஆகவே ஒரு பிள்ளைக்கு முழுப் பேச்சையும் உருப்போட்டுத் தர வேண்டியதில்லை. முதல் மூன்று வாக்கியங்கள் போதும், அவையும் பிள்ளை வீட்டில் பேசும் நடையில், அதன் வாயிலிருந்தே வந்தவையாக இருக்கட்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி அவற்றைச் சத்தமாகப் பழக்கலாம். மீதிக்குக் குறிப்புத் தாள் கையில் இருக்கலாம். வகுப்பை ஐந்தைந்து பேராகப் பிரித்து, வாரம் ஒரு முறை, எல்லோரும் எல்லோருக்கும் பேசட்டும். இன்று கேட்கிறவர் நாளை பேசுகிறவர். ஆசிரியரும் தன் முறை வரும்போது எழுந்து பேச வேண்டும். மதிப்பெண் தாளும் மணியும் அந்த வகுப்புகளுக்கு வேண்டாம். போட்டி கட்டாயம் வேண்டுமென்றால் அதைக் கல்வியாண்டின் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம்.